எட்டாம் நம்பர் லைன்

1957 ஏப்ரல் 3, புதன்

இன்றும் நின்றுவிட்டது.

காலையில் துரை, செங் தோட்டத்து மானேஜரைக் கூப்பிட எண்ணைச் சுழற்றியிருக்கிறார். மணி அடித்தது துரையின் சொந்த பங்களா சமையல்கட்டில். சமையல்காரன், "மீன் இன்னும் வரல துவான்" என்றானாம். துரை மாடியிலிருந்து இறங்கி என் அறை வாசலில் வந்து நின்றார். மீன் வராததற்கும் நான்தான் காரணம் என்பதுபோல் ஒரு பார்வை.

பழைய டெலிபோன் பலகை இருந்தவரை நானே கயிற்றைச் சொருகி நானே இணைப்பேன். தப்பு நடந்தால் என் தப்பு. இப்போது இந்த இரும்பு அலமாரியே எல்லாவற்றையும் செய்கிறது. தப்பு மட்டும் இன்னும் என்னுடையதாகவே இருக்கிறது.

பட்டாளத்து முகாம் ஒன்றை மூடியபோது கம்பெனி இதை மலிவாக எடுத்தது. நான்கு தோட்டத்து லைன்களும் தொழிற்சாலை லைனும் இதற்குள்தான் முடிகின்றன. யாராவது எண்ணைச் சுழற்றினால் உள்ளே பல் நறநறவென்று கடிப்பதுபோல ஒரு சத்தம், பிறகு இணைப்பு. எங்கே இணைப்பது என்று புரியாமல் விழிக்கும் அழைப்புகள் மட்டும் என் மேசையில் விளக்காக எரியும். அவற்றுக்குத்தான் நான்.

ஷரீஃபுதீன் பாய் முகாமில் இதே அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அலமாரியோடு அவரையும் சேர்த்துக் கூட்டிவந்தார்கள். எந்தக் குறைக்கும் அவரிடம் ஒரே மருந்து. "ஒருக்கா அணைச்சுப் போடுங்க தங்கச்சி. சரியாயிடும்."

சரியாகிறது. மத்தியானம் வரை.

ஏப்ரல் 9, செவ்வாய்

பாய் செங் லைனைச் சரிசெய்தார். உடனே பத்து பெரெண்டாம் தொழிற்சாலை ஊமையாகிவிட்டது. அதைச் சரிசெய்தார், துரையின் அறையில் யாரும் கூப்பிடாமலே மணி அடிக்கிறது. ஆபிஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி கணேசமூர்த்தி என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா, ஒன்ன மூடுனா இன்னொன்னு தொறக்குது, வீட்டுக் கூரையா இது?" என்று கத்தினார். நான் என்ன சொல்ல? அலமாரியிடம் போய்க் கத்துங்கள் என்றா?

ஏப்ரல் 12, வெள்ளி

மதியம் இடிமழை. எட்டாம் நம்பர் விளக்கு எரிந்தது.

ஹெட்போனை மாட்டி, "ஆபிஸ். எந்த நம்பர் வேணும்?" என்று கேட்டபிறகுதான் எது எட்டு என்று உறைத்தது.

பதில் இல்லை. செத்த லைனில் ஒன்றுமே கேட்காது, அதை நான் அறிவேன். இது அப்படி இல்லை. கிணற்றுக்குள் தலையை நீட்டியதுபோல் இருந்தது. அந்தப் பக்கம் யாரோ வாயை மூடிக்கொண்டு நிற்பதுபோல.

மழை விட்டதும் விளக்கு அணைந்தது.

ஏப்ரல் 13, சனி

தூக்கம் வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

எட்டு என்பது குருபோங் தோட்டத்துச் சின்ன ஆபிஸ். அங்கே கிராணியாக இருந்தவர் நல்லையா. என் வீட்டுக்காரர். ஐம்பத்திரண்டில், அக்கா ருக்மணியின் பிரசவத்துக்காக நான் இங்கே காஜா பேராங்கில் இருந்த வாரத்தில் அவரைக் காணவில்லை. ஊரடங்கு காலம் அது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களோடு சேர்ந்துவிட்டார் என்று அப்போதைய மானேஜர் போலீசில் சொன்னார். சயாமுக்கு ஓடிவிட்டார், அங்கே வேறு குடும்பம் என்று தொழிலாளர் லயத்தில் சொன்னார்கள். கிராணியும் இல்லை, டெலிபோனும் செத்துவிட்டது என்று அந்த ஆபிஸையே மூடினார்கள். அங்கே இப்போது டெலிபோன் கருவிகூட இல்லை. கூரையைக் கறையான் தின்றுவிட்டதாம்.

பிறகு கம்பெனி எனக்கு இந்த வேலையைக் கொடுத்தது. இரக்கம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அப்போதிலிருந்து அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அத்தான் நல்லையாவைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. "அந்த ஆளு" என்றுதான் சொல்வார். நல்லையாவின் சகலை என்பதற்காக அத்தானைப் பலமுறை விசாரித்தார்கள். கிடைக்கவிருந்த அரசாங்க வேலையும் கையைவிட்டுப் போனது. அவர் கோபத்தை நான் குறை சொல்லமுடியாது.

நான் இன்னும் பொட்டு வைக்கிறேன். வருடத்துக்கு வருடம் சின்னதாகிக்கொண்டே வருகிறது. இப்போது கடுகளவு.

ஏப்ரல் 24, புதன்

மழை. எட்டு.

பாயிடம் கேட்டேன். "அந்தக் காலத்துல காட்டுக்காரங்க கம்பிய வெட்டிப்புடுவாங்கன்னு கேபிள மண்ணுக்கடியில பொதைச்சாங்க. எங்கயோ தோல் கிழிஞ்சிருக்கும். தண்ணி உள்ள போனா ரெண்டு கம்பியும் ஒட்டிக்கும். யாரோ ரிசீவரத் தூக்கிட்டாங்கன்னு இந்த மடப்பய அலமாரி நெனச்சுக்கும், அவ்வளவுதான்."

"அப்ப அங்க யாரும் இல்லையா பாய்?"

"கருவியே இல்லாத எடத்துல யாரு இருப்பா தங்கச்சி?"

சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்கும் என் கதை தெரியும்தானே.

மே 6, திங்கள்

மழை இல்லை. காலையிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆகிவிட்டது எனக்கு? எல்லோரும் இந்த அலமாரியை ஏசுகிறார்கள். நான் மட்டும் அது எப்போது கெட்டுப்போகும் என்று காத்திருக்கிறேன்.

மே 17, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டியது. எட்டு எரிந்தது. ஹெட்போனை மாட்டினேன். அதே கிணறு. நான் ஒன்றும் கேட்கவில்லை. காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு இடி இடித்தது. அதற்குப்பிறகு அந்த இரைச்சலுக்கு உள்ளிருந்து, தூரத்தில், மூச்சு வாங்க ஓடிவந்த ஒருவர் பேசுவதுபோல:

"கதவச் சாத்திக்க. நான் வர்ற வரைக்கும் தொறக்காத."

அவ்வளவுதான்.

அவர் குரல். சத்தியமாக அவர் குரல். "தொறக்காத" என்பதில் அந்த 'ற' லேசாகத் தடுக்கும் — எனக்குத் தெரியாதா அது?

ஆனால் இந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. எங்கள் வீட்டில் கதவைச் சாத்துவது எப்போதும் அவர்தான். ஞாபகம் குரலாக வருகிறது என்றால் நான் கேட்ட வார்த்தைதானே வரவேண்டும்? கேட்காத வார்த்தை எங்கிருந்து வரும்?

யாரிடம் சொன்னார்?

மே 18, சனி

அக்காவிடம் சொன்னேன். அழுதாள். கோவிலுக்குப் போய்த் திருநீறு மந்திரித்து வந்தாள். அத்தானிடம் சொல்லவேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். சுவர் மெல்லியது, அவர் கேட்டிருப்பார். இரவு சாப்பாட்டில் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வேறு லைனில் யாராவது பேசியது கலந்து வந்திருக்கலாம் என்று பாய் சொல்கிறார். இருக்கலாம்.

இருக்கலாமா?

ஜூன் 11, செவ்வாய்

துரையின் உத்தரவு: எட்டாம் நம்பர் லைனைப் பிடுங்கிப் போடவேண்டும். அது எரியும் நேரமெல்லாம் அலமாரி மற்ற அழைப்புகளையும் பிடித்துவைத்துக்கொள்கிறதாம். அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டை, விரலால் இழுத்தால் கையோடு வந்துவிடும். பாய் காட்டிக்கொடுத்தார். "நீங்களே எடுத்துருங்க தங்கச்சி, நான் தொழிற்சாலைக்குப் போவணும்."

எடுத்தேன்.

அறையில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பச் சொருகினேன்.

ஜூன் 14, வெள்ளி

மழை. எட்டு. ஒன்றும் பேசவில்லை. "நான்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். இரைச்சல் ஒரு கணம் அடங்கியதுபோல் இருந்தது. என் மனப்பிரமையாக இருக்கும். அது பிரமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 20, வியாழன்

மழை பெய்துகொண்டிருந்தது. நான் எட்டில் இருந்தேன்.

பத்து பெரெண்டாமில் ரப்பர் பால் தகட்டை அழுத்தும் உருளையில் ஒரு பெண்ணின் கை சிக்கிக்கொண்டது. ஆம்புலன்ஸ் கூப்பிட அங்கிருந்து திரும்பத் திரும்பச் சுழற்றியிருக்கிறார்கள். அலமாரி பிடித்துவைத்துக்கொண்டது. ஒரு விளக்கும் எரியவில்லை, எட்டைத் தவிர. கடைசியில் ரப்பர் கித்தா ஏற்றும் லாரியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

உயிருக்கு ஆபத்து இல்லையாம். விரல்கள்தான்.

விரல்கள்தான் என்று எழுதிவிட்டேன். அவள் கையை நம்பிப் பிழைப்பவள்.

எல்லோரும் இயந்திரத்தை ஏசினார்கள். இந்த ஒருமுறை என்னை யாருமே ஏசவில்லை.

ஜூன் 21, வெள்ளி

விடிந்ததும் பாயின் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி ஹஸீனா கதவைத் திறந்தார். கோப்பி கொடுத்தார். கட்டையைத் திரும்பச் சொருகியது நான்தான் என்று பாயிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "போன வாரமே பாத்தேன். எடுக்க மனசு வரல. நானும் குத்தவாளிதான்."

"பாய், குருபோங்குக்குப் போங்க. எங்க கிழிஞ்சிருக்குன்னு தோண்டிப் பாருங்க. சும்மா கட்டையப் புடுங்கினா நான் திரும்பவும் சொருகுவேன். என்னை எனக்கே நம்ப முடியல."

போகிறேன் என்றார்.

பிறகு பெரிய கிராணியிடமும் போய் உண்மையைச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மொதல்ல லைனச் சரி பண்ணட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார்.

ஜூன் 25, செவ்வாய்

காலை வெயில். பாய் இரண்டு ஆட்களோடு குருபோங் போனார். கையோடு கொண்டுபோகும் டெலிபோன் பெட்டியைக் கேபிளில் மாட்டி, தோண்டத் தோண்ட என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். "இங்க நல்லாருக்கு." "இங்கயும் நல்லாருக்கு." "ஆபிஸ் பக்கத்துல மண்ணு ரொம்ப எளகலா இருக்கு, தங்கச்சி."

பிறகு பேசவில்லை. ஆட்கள் ஏதோ சொல்வது கேட்டது. மண்வெட்டியைக் கீழே போட்ட சத்தம்.

"பாய்?"

"தங்கச்சி, ஹெட்போனக் கழட்டிட்டு பெரிய கிராணியக் கூப்புடு."

"பாய், என்ன?"

"சொன்னாக் கேளும்மா. அவரக் கூப்புடு."

கூப்பிட்டேன். கணேசமூர்த்தி நின்றபடியே கேட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அமைதியாக இருந்தது.

ஜூன் 26, புதன்

எலும்புகளோடு கிடைத்ததைப் போலீஸ் நிலையத்தில் ஒரு துணிமேல் வைத்திருந்தார்கள். பெல்ட்டு இரும்பு. கண்ணாடியின் சட்டம். சட்டத்தின் உடைந்த காதை அவர் செம்புக்கம்பியால் சுற்றியிருப்பார், புதிது வாங்குங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை. அந்தக் கம்பி அப்படியே இருந்தது.

ஆமாம் என்றேன்.

கேபிள் பதிக்க வெட்டிய பள்ளம் என்பதால் மண் இளகியிருந்திருக்கிறது. அவசரமாகக் குழி தோண்டியவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அவர்கள் மண்வெட்டி பட்டுத்தான் கேபிள் கிழிந்தது. லைன் செத்தது அதனால்தான். இவ்வளவையும் இன்ஸ்பெக்டர் பொறுமையாகச் சொன்னார். நல்ல மனிதர்.

மார்பெலும்பில் ஒரு குண்டு.

அவர் காட்டுக்குப் போகவில்லை. சயாமுக்குப் போகவில்லை. ஆபிஸ் வாசலைத் தாண்டிக்கூடப் போகவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

தாலியைக் கழற்றினேன். நானே. அக்காவை அறைக்குள் விடவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

குருபோங் லயத்துக்குப் போனேன். அன்று நடந்தது யாருக்காவது தெரிந்திருக்கும் அல்லவா? பழைய ஆட்கள் பலர் போய்விட்டார்கள். ஆபிஸுக்கு நேர் எதிரே உள்ள வீட்டில் அஞ்சலை என்ற ரப்பர் பால்வெட்டுக்காரி மட்டும் அன்றிலிருந்து இருக்கிறாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே நின்று பேசினேன். "யாரையும் தூக்குல போடச் சொல்லல அக்கா. அவரு ஓடிப்போகலன்னு ஒரு வார்த்தை வந்து சொன்னாப் போதும்."

உள்ளே ஒரு சிறுமி இருமினாள். அஞ்சலை கதவுக்கு அந்தப்பக்கமிருந்து, "நான் கம்பெனி வீட்டுல இருக்கறவ" என்றாள்.

அவளை என்ன சொல்ல? நானும் கம்பெனி நாற்காலியில் இருப்பவள்தான்.

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேக்கா, நாட்டின் விடுதலை நாள். ஊரே வெளிச்சம். பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. அத்தான் எல்லோரையும் திடலுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். கூட்டம் கத்தியபோது நானும் கத்தினேன். சத்தம் என்னிடமிருந்துதான் வந்ததா என்று பிறகு யோசித்தேன்.

திரும்பும் வழியில் அத்தான், "அவரு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவரு என்றார். ஆளு என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று மரண விசாரணை. எங்கள் பக்கம் சாட்சி என்று பாய் மட்டும்தான். கம்பெனி வக்கீல் எழுந்து, காட்டுக்காரர்களே சுட்டிருக்கலாம், யாருக்குத் தெரியும் என்றார். பழைய மானேஜர் சீமைக்குப் போய்விட்டார். அன்று காவலில் இருந்த இரண்டு ஆயுதக் காவலர்களில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் எங்கே என்று தெரியாது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பின்வரிசையில் அஞ்சலை எழுந்து நின்றாள். பக்கத்தில் அந்தச் சிறுமி, சீதா. எப்போது வந்து உட்கார்ந்தார்கள் என்றே தெரியவில்லை.

"நான் சொல்லணும்" என்றாள்.

கூண்டில் ஏற்றினார்கள். அவள் நீதிபதியைப் பார்க்கவில்லை, மொழிபெயர்ப்பவரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எம் பொண்ணுக்கு வாந்தி பேதி. கண்ணு சொருகிடுச்சு. ஊரடங்கு போட்டாச்சு, யாரும் வெளிய வரமாட்டேங்கறாங்க. கிராணி ஐயா வீட்டுல போய் அழுதேன். டெலிபோன் பண்ணி வண்டி வரவைக்கிறேன்னு என் வீடு வரைக்கும் ஓடிவந்து புள்ளையப் பாத்துட்டு ஆபிஸுக்கு ஓடினாரு. டெலிபோன் பண்ணிட்டாருங்க. ஏன்னா வண்டி வந்துச்சு. ஆனா அவரு திரும்பி வர்றப்ப காவக்காரன் அதட்டுறதும் வெடிச் சத்தமும் கேட்டுச்சு."

நீதிபதி கேட்டார்: நீ ஏன் வெளியே வந்து பார்க்கவில்லை?

"ஐயா சொல்லிட்டுப் போனாரு. 'கதவச் சாத்திக்க. நான் வர்ற வரைக்கும் தொறக்காத'ன்னு."

பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பாய் என் பக்கம் திரும்பினார். அவர் உதடுகள் ஏதோ ஓதின.

வண்டி ஆட்கள் வந்து தட்டும்வரை அவள் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் மானேஜரே லயத்துக்கு வந்து, கிராணி காட்டுக்கு ஓடிவிட்டான், அவனைப் பற்றிப் பேசுபவர்களும் அவன் கூட்டாளிகள்தான் என்று சொல்லிப் போனாராம்.

தீர்ப்பு: ஊரடங்கு நேரத்தில் கம்பெனிக் காவலர் சுட்டதில் மரணம். மானேஜர் அறியவே உடல் மறைக்கப்பட்டது. இறந்தவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

கடைசி வரியை மொழிபெயர்ப்பவர் இரண்டு முறை சொன்னார். ஒருமுறை சபைக்கு. ஒருமுறை, யாரும் கேட்காமலே, எனக்கு.

செப்டம்பர் 13, வெள்ளி

அந்தக் குரலைப் பற்றி யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவேண்டாம். எனக்கும் வேண்டாம்.

செப்டம்பர் 23, திங்கள்

அஞ்சலையை லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். ஹஸீனா வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை சும்மா இருக்கிறது. பாய் ஒரு கைவண்டியோடு குருபோங் போய் இருவரையும் சாமான்களோடு கூட்டிவந்தார்.

நான் வேலையை விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் டெலிபோன் பலகைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே இன்னும் கயிறுதான், கையால் சொருகுவது. அடுத்த மாதம் சேர வேண்டும். ஆம்புலன்ஸ் கூப்பிடுபவர்கள் முதலில் கேட்கப்போவது என் குரலை.

அக்டோபர் 6, ஞாயிறு

அவரைத் தகனம் செய்து, இன்று தஞ்சோங் கிளிங் கடற்கரையில் அஸ்தி கரைத்தோம்.

யார் காரியம் செய்வது என்று ஐயர் கேட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் பக்கத்துச் சொந்தம் எல்லாம் கடலுக்கு அந்தப்பக்கம், ஊரில். நான் வாய் திறப்பதற்குள் அத்தான் சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார்.

"நான் செய்றேன்" என்றார்.

"உறவு?" என்று ஐயர் கேட்டார்.

"சகலை." பிறகு, தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக மறுபடி சொன்னார். "எஞ் சகலை நல்லையா."

பானையோடு மார்பளவுத் தண்ணீருக்குப் போனார். கரைத்த பிறகும் திரும்பி வரவில்லை. அங்கேயே நின்று கடல்தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா போகப் பார்த்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். சீதா மணலில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தலை முழுகினோம். அக்கா இலை போட்டாள். அஞ்சலை பரிமாறினாள். சோற்றைக் கண்டதும் பசி என்பது இப்படித்தான் இருக்கும் என்று திடீரென்று தெரிந்தது. நிறையச் சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு கேட்டேன். அத்தான் ரசப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.